உப்பங்கரைத் தெருவின் புதன்கிழமை

எங்க உப்பங்கரைத் தெருவுல ஒரு புதன்கிழமை சாயங்காலம் போவாம நின்னுக்கினு இருந்துச்சு இல்ல, அந்தக் கதைய இப்ப ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கினு திரியறாங்க. மந்திரம்ன்றான் ஒருத்தன், ஆத்தா எறங்கிட்டான்றா இன்னொருத்தி, டீக்கடையில பேப்பர் படிக்கிற ஒருத்தன் அது பூமி சுத்தறதுல வந்த கோளாறுன்னு கூசாம அடிச்சு விடறான். எல்லாம் புளுகு. அன்னிக்கு அந்தக் கேமரா எது மேல ஒக்காந்திருந்துச்சோ அந்த ஐஸ் பெட்டி என்னுது. நான் மீன் விக்கிற குணபூஷணம். அதனால நான் சொல்றதுதான் கதை, கேக்கறதா இருந்தா கேளுங்க, இல்லன்னா எழுந்து போயி உங்க பொழப்பப் பாருங்க.

உப்பங்கரைத் தெருன்னா கால்வாய் ஓரமா ஒரு பக்கம் மட்டும் வீடு இருக்கிற தெரு, எதிர்ல கருப்புத் தண்ணி, தண்ணிக்கு அந்தாண்ட சூரியன் எறங்குற பக்கமா பெரிய தண்ணி டாங்கு. திண்டிவனத்துலேர்ந்து பொழைக்க வந்தவங்க, நெல்லூர்லேர்ந்து வந்தவங்க, ராமநாதபுரத்துலேர்ந்து பஞ்சத்துக்கு ஓடி வந்தவங்க, கப்பல்ல வந்து எறங்கினவங்கன்னு எல்லாம் கலந்து கெடந்தோம். சாதி ஒண்ணு இல்ல, சாமி ஒண்ணு இல்ல, ஒரு குடம் தண்ணிக்கு அடி பம்பாண்ட ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சி இழுத்துக்கறவங்க. அந்த மார்கழியில ஆபீஸ்காரங்க வந்து கதவு கதவா நம்பர் எழுதி, ஒவ்வொரு கதவையும் போட்டோ புடிச்சிக்கினு, வியாழக்கிழமை காலையில இடிக்கிறோம், ஊருக்கு வெளியில பஸ்ஸு எட்டிப் பாக்காத எடத்துல ஒரு மாடி வீடு தரோம், மூட்டையக் கட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ரோட்டுல ஒக்காந்தோம், கோர்ட்டுக்குப் போனோம், மண்ண வாரித் தூத்தினோம். வியாழக்கிழமை வியாழக்கிழமையாவே நின்னுச்சு.

என் வீட்டுக்கு அடுத்த வீடு மரகதம் வீடு. காயலாங்கடையில மூட்டையப் பிரிச்சி பித்தளை தனியா செம்பு தனியா இரும்பு தனியா பொறுக்கிப் போடறது அவ வேலை. வாய் அதிகம் கெடயாது, ஆனா நெஞ்சழுத்தம் சாஸ்தி, ஒண்ணப் புடிச்சான்னா விடமாட்டா. அவ பொண்ணு தேன்மொழி, நெறமாசக்காரி, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தா. புருஷன்காரன் லாரியில லோடு ஏத்திக்கினு வடக்க எங்கியோ போயிருந்தான். தலை எறங்கிடுச்சும்மா, நாளைக்கு வலி எடுத்துடும், நாளைக்கு வந்து சேந்துடுன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினதும் அதே புதன்கிழமைதான். ஆக மரகதத்துக்கு மட்டும் ஒரே நாளைக்கு ரெண்டு வேலை விழுந்துச்சு, வீடும் இடியணும், பேரப்புள்ளையும் பொறக்கணும்.

அந்த வாரம் பூரா நாங்கல்லாம் அண்டா குண்டாவ மூட்டை கட்டிக்கினு இருக்கோம், இவ என்னடான்னா வீட்டு நடுவுல வெள்ளை வேட்டி ஒண்ண விரிச்சிப் போட்டு, ஒரு பழைய கேமராவப் பிரிச்சி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கா. மூடிப்போன ஏதோ ஸ்டூடியோலேர்ந்து கடைக்கு வந்த மூட்டையில கெடந்துச்சாம், முன்னால துருத்தி மாதிரி இழுத்து நீட்டுற கேமரா, கூடவே பிரிக்காத பிலிம் ரோலு ஒண்ணு. மொதலாளி எடுத்துக்கினு போன்னுட்டாராம்.

“ஏன்டி, வீடே போவுது, உனக்கு போட்டோ கேக்குதா?”ன்னு கேட்டேன்.

“அவனுங்ககிட்ட என் கதவோட போட்டோ இருக்குது குணாக்கா. வருசா வருசம் அதுக்கு நீலம் அடிச்சவ நானு, என்கிட்ட ஒண்ணு இல்ல. நாளைக்கு இந்தப் புள்ள வளந்து நாம எங்க இருந்தோம்னு கேட்டா நான் இன்னாத்தக் காட்டுவேன்?”

அவளத் திட்டிட்டு வந்துட்டேன்.

அவ வேலை செய்ற அழகப் பாக்கணுமே! கழட்டுன ஸ்க்ரூவ ஒவ்வொண்ணா இட்லித் தட்டுல வரிசையா போட்டு வெச்சா, எந்தக் குழியில எது, எதுக்கு அப்புறம் எதுன்னு, மாட்டும்போது அப்படியே பின்னாலேர்ந்து எடுத்து மாட்டறதுக்கு. கண்ணாடியில பூசணம் பூத்திருந்துச்சு, பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டுத் துடைச்சா. துருத்திக்குள்ள டார்ச் லைட்ட வெச்சிக்கினு போர்வைக்குள்ள பூந்து, எங்கெங்க வெளிச்சம் கசியுதோ அங்கெல்லாம் ஓட்டைக் குடைத்துணிய வெட்டி ஒட்டினா. கடைசியா அந்தக் கேமராவோட கண்ணு, தொறந்து மூடற தகடு இருக்குதே, அது இறுகிப்போயி அசையாம இருந்துச்சு. பரிதா தைக்கிறவ, ரெண்டு வீடு தள்ளி இருக்கா, அவகிட்ட மிஷின் எண்ணெய் சொட்டு கேட்டு வாங்கினா. பரிதா என்ன பண்ணி வெச்சிருந்தா தெரியுமா, மிஷின் எண்ணெய் தீந்து மாசக்கணக்காச்சு, அதே சின்ன டப்பாவுல தேங்காயெண்ணெய ஊத்தி வெச்சிக்கினு மிஷினுக்கும் அதையே போட்டு, தலைக்கும் அதையே தடவிக்கினு இருந்திருக்கா. அந்தத் தகடுக்கு எந்த எண்ணெயும் போடவே கூடாதுன்னு பின்னாடி கேமரா ரிப்பேர் தெரிஞ்ச ஒருத்தர் தலையில அடிச்சிக்கினாரு. அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

ரோலு போடாம காலியா வெச்சித் தட்டிப் பாத்தா, டக்குன்னு தொறந்துச்சு, டக்குன்னு மூடிச்சு. தொறக்க ஒரு சத்தம், மூட ஒரு சத்தம். திரும்பத் திரும்பத் தட்டி, பின்பக்கத்த ஜன்னலுக்கு நேராப் புடிச்சி வெளிச்சம் வந்து வந்து போவறதப் பாத்து, சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சா. அந்த வாரத்துல எங்க தெருவுல யாராச்சும் சிரிச்சிருந்தா அது அவ ஒருத்திதான்.

புதன்கிழமை சாயங்காலம், வெயில் தண்ணி டாங்கு மேல வந்து ஒக்காந்த நேரம், எல்லாரையும் அவங்கவங்க கதவுக்கு முன்னால வந்து நில்லுங்கன்னு கூப்பிட்டா. வரமாட்டோம்னு முறைச்சிக்கினு இருந்ததுங்க கூட தலைய வாரிக்கினு, மூட்டையில கட்டின பட்டுப்பொடவைய அவுத்துக் கட்டிக்கினு வந்து நின்னுச்சுங்க. கேமராவ வெக்க ஒசரமா ஒண்ணு வேணும்னா, என் ஐஸ் பெட்டிய இழுத்துப் போட்டேன். காலையில வாங்கின ஐஸு பாதிக்கு மேல அப்படியே கெடந்துச்சு, அன்னிக்கு யாரு மீன் வாங்கினா? அது மேல வெச்சி, பழைய ரோலு, வெளிச்சம் கொஞ்சம் நெறயவே குடிக்கும்னு, வெரலு எடுக்கிற வரைக்கும் கண்ணு தொறந்தே இருக்கிற மாதிரி திருகி வெச்சிக்கினு, யாரும் அசையாதீங்கன்னு சொல்லிட்டு அமுக்கினா.

டக்குன்னுச்சு. கொஞ்ச நேரம் புடிச்சிருந்து வெரல எடுத்தா. ரெண்டாவது சத்தம் வரல.

நாங்க அசையாம நின்னுக்கினு இருந்தோம். கால் கடுத்துச்சு, மூக்கு அரிச்சுது, பம்புக்குப் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி இடுப்புல இருந்த கொழந்த மூத்திரம் பெஞ்சி வெச்சுது, ரெண்டாவது சத்தம் வரவே இல்ல. மார்கழிக் குளிருல, ஐஸ் பெட்டி மேல, அந்தத் தேங்காயெண்ணெய் உறைஞ்சிப்போயி, கண்ணு தொறந்தது தொறந்தபடி நின்னுடுச்சு. நேரம் ஆயிக்கினே இருந்துச்சு, வெயிலு மட்டும் டாங்க விட்டு எறங்கல. முன்ன எங்க விழுந்துச்சோ அங்கியே எங்க நெழலும் நீட்டிப் படுத்துக்கினு கெடந்துச்சு. கடைசியா பரிதாதான் வாயத் தொறந்தா, “ஏன்க்கா, நாளைக்கு வரலன்னா நாளைக்கு இடிக்கவும் முடியாதில்ல?”ன்னா. “ஆமா இல்ல?”ன்னோம். அவ்ளோதான். உள்ள போயி மூட்டைய அவுத்து, அண்டா குண்டாவத் திருப்பி அடுக்க ஆரம்பிச்சிட்டோம்.

தெரு முனையில ஒரு கரண்டு கம்பம் இருக்குது, அது வரைக்கும் எங்களுக்குப் புதன்கிழமை சாயங்காலம், அதத் தாண்டிக் கால வெச்சா உலகத்துக்கு என்ன கெழமையோ அந்தக் கெழமை. வேலைக்குப் போறவங்க கம்பத்தத் தாண்டி விடியக்காலையில போயி, ராத்திரியில திரும்பி, கம்பத்தத் தாண்டி சாயங்காலத்துக்குள்ள வந்தாங்க. பசி எடுத்துச்சு, தூக்கம் வந்துச்சு, கண்ணு மேல துணியப் போட்டுக்கினு தூங்கினோம். ஆனா எதெல்லாம் விடியலுக்குக் காத்திருக்குமோ அதெல்லாம் நடக்கல. இட்லி மாவு பொங்கல, கரைச்சது கரைச்சபடி கெடந்துச்சு. பாலுல உறை ஊத்தினா பால் பாலாவே இருந்துச்சு. கோழி முட்டை வெக்கல, மல்லி மொக்கு விரியல, ஒரு நாளும் வாடாத மொக்க தலையில வெச்சிக்கினு எங்க தெருப் பொண்ணுங்க பவுசு காட்டிச்சுங்க. டிவியில ஒருத்தி வந்து வெள்ளிக்கிழமை காலை வணக்கம்னுவா, நாங்க வாசல்ல வெயில் காஞ்சிக்கினே, போடி உன் வேலையப் பாத்துக்கினுன்னுவோம். பாங்கு சத்தம் வெளியிலேர்ந்து நேரா நேரத்துக்கு வரும். சூரியன் எறங்காம எந்தத் தொழுகைய எப்பத் தொழறதுன்னு பரிதா மொதல்ல கொழம்பினா, அப்புறம் அல்லாவுக்குத் தெரியாத கணக்கான்னு சத்தம் கேட்டப்பெல்லாம் தொழுதா. நாளைக்கு வீட்டுப்பாடம் கொண்டு வரச்சொன்ன டீச்சருக்குப் புள்ளைங்க ஒரு கும்பிடு போட்டுட்டு, ஓயாம கோலி ஆடிச்சுங்க.

நெழலு நகராததால அதுலயும் சண்டை வந்துச்சு. தண்ணி டாங்கு நெழலு ஆரோக்கியமேரி வாசல்ல விழுந்து கெடந்துச்சு, அவளுக்குக் கண்ணு கூசாது, மத்தவங்களுக்கெல்லாம் கூசும். நீ மட்டும் என்ன புண்ணியம் பண்ணேன்னு அவகிட்ட மல்லுக்கு நின்னோம். அவ வாய் எங்களுக்கெல்லாம் தெரியும், பம்பாண்ட மரகதத்த அவ பேசாத பேச்சில்ல, ரெண்டு பேரும் மொகம் குடுத்துப் பேசியே வருசம் ஆயிருந்துச்சு. என்னமோ நெனச்சிக்கினு ஒரு பாய கொண்டாந்து நெழலுல விரிச்சி, “வாங்கடி, வந்து தொலைங்க”ன்னா. அந்தப் பாய் மேல ஒக்காந்துதான் பரிதாவோட ஊரு எதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அவ்ளோ வருசமா பக்கத்துல இருந்திருக்கோம், கேட்டதே இல்ல.

ஆபீஸ்காரங்க சும்மா இருப்பாங்களா? அவங்களுக்கு வியாழக்கிழமை விடிஞ்ச உடனே மஞ்சள் மெஷின ஓட்டிக்கினு வந்துட்டாங்க. முன்னால ஒரு சார், நல்ல கஞ்சி போட்ட சட்டை, கையில ஆர்டரு. கம்பத்தாண்ட வந்ததும் ஒரு காலு வியாழக்கிழமையில ஒரு காலு புதன்கிழமையில வெச்சிக்கினு, வெயிலப் பாத்து, கைக்கடிகாரத்தப் பாத்து, போன எடுத்து மேல இருக்கிறவருக்குப் பேசினாரு. “சார், ஆர்டர்ல வியாழன்னு இருக்குது, இங்க இன்னும் புதன்தான் சார். புதன்ல இடிச்சா நாளைக்கு கோர்ட்டுல என் கழுத்துல கத்தி விழும்.” மேல இருந்தவரு அவருக்கு மேல இருந்தவருக்குப் பேசி, அவரு இன்னும் மேல பேசி, கடைசியா, வியாழக்கிழமை வர வரைக்கும் காத்திருன்னு வந்துச்சு. சரின்னு சார் கம்பத்துக்கு அந்தாண்ட ஒரு நாற்காலியப் போட்டு ஒக்காந்துட்டாரு. எப்ப வரும்னு எங்களக் கேட்டாரு. எங்களுக்கு என்ன அவசரம்னு நாங்க டீ குடுத்தோம்.

அப்புறம்தான் எவனோ போட்டுக் குடுத்துட்டான், எல்லாத்துக்கும் காரணம் அந்த கேமரா, அதுல உறைஞ்ச தேங்காயெண்ணெய், கொஞ்சம் சூடு காட்டினா போதும்னு.

“ஏம்மா, அந்த டப்பாவ மூடு!”ன்னு சார் கம்பத்தாண்டேர்ந்து கத்தினாரு.

“நான் தொறந்தேன் சார், அதுதான் மூடல. அதுகிட்ட பேசிக்கங்க”ன்னா மரகதம்.

அன்னிக்கே கம்பத்தாண்ட போலீஸப் போட்டாங்க. வெளியில வரலாம், வந்தவங்க திரும்பி உள்ள போவ முடியாதுன்னு கட்டளை. கல்யாண வீட்டுல கட்டுற மாதிரி பெரிய பெரிய லைட்ட லாரியில கொண்டாந்து, எங்க ஐஸ் பெட்டியப் பாத்துத் திருப்பி எரிய விட்டாங்க, அனல் அடிச்சி எண்ணெய் உருகட்டும்னு. அப்ப நீங்க எங்களப் பாத்திருக்கணும்! கோணி சாக்க நனைச்சி கேமராவச் சுத்திப் பந்தல் மாதிரி புடிச்சிக்கினு, கண்ணாடிக்கு நேரா மட்டும் தெருவுக்கு வழி விட்டு, ஆளு மாத்தி ஆளு நின்னோம். எனக்கு மீன் போடற ஆளுங்க கால்வாய்ப் பக்கமா படகுல ஐஸு கொண்டாந்து குடுத்தாங்க, அரிசி குடுத்தாங்க. ஒரு குடம் தண்ணிக்கு ஊர ரெண்டாக்கின ஆரோக்கியமேரி, பம்ப விட்டு நவுராம அடிச்சி அடிச்சி கையெல்லாம் காய்ச்சுப்போயி, குடம் குடமா கொண்டாந்து சாக்குல ஊத்தினா. எதுத்த பக்கம் லைட்டு எரியுது, இந்தப் பக்கம் நாங்க நனைஞ்சிக்கினு நிக்கறோம். எவ்ளோ நாளு இப்படின்னு எங்களுக்குக் கணக்கு இல்ல, எங்களுக்கு நாளுன்னு ஒண்ணு போனாத்தானே.

இதுக்கு நடுவுல ஒருத்தியப் பத்தி யாரும் பேசல. பேசலன்னா தெரியாம இல்ல, தெரிஞ்சுதான் வாய மூடிக்கினு இருந்தோம், அத நெனச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல. தேன்மொழிக்கு நாளைக்கு வலி எடுக்கும்னு சொன்னாங்களே, அந்த நாளைக்கு எங்க வந்துச்சு? வயிறு அப்படியே நின்னுடுச்சு. எறங்கின தலை எறங்கினபடி, அவளால ஒக்கார முடியல, படுக்க முடியல, நடந்தா காலு வீங்குது, உள்ள புள்ள விக்கல் எடுக்குது, ஒதைக்குது, வெளிய வர நேரம் ஆச்சுன்னு கதவத் தட்டிக்கினே இருக்குது. வெளியிலேர்ந்து சார் மைக்குல சொன்னாரு, ஆம்புலன்ஸ் நிக்குதும்மா, கம்பத்தத் தாண்டி வந்துடு, நல்லபடியா பெத்துக்கன்னு. தாண்டிப் போனா திரும்ப விடமாட்டாங்க, கூடவே அம்மாக்காரியும் போவணும், அவ போனா பந்தலு சரியும், எல்லாம் தெரிஞ்சுதான் கூப்பிட்டாரு.

தேன்மொழி வாசப்படியில நின்னுக்கினு, “எம்புள்ளைக்குப் பொறந்த எடம் இந்த வாசல்தான் சார், ஆம்புலன்ஸுக்கு வேற யாராச்சும் சீக்காளியப் பாரு”ன்னு சொல்லிட்டு உள்ள போயி, செவுத்துல நெத்திய வெச்சிக்கினு அழுதா. நான் பாத்தேன்.

மரகதமும் பாத்தா. ஒரு நேரம், சாக்கப் புடிச்சிக்கினு இருந்தவ அத என் கையில குடுத்துட்டு, கேமரா முன்னால வந்து நின்னா. எல்லாரும் அவளையே பாத்தோம். மூடினா தெரு போவும், மூடலன்னா பொண்ணு போவும்.

“நான் என்னடி பண்ணட்டும்?”னு பொண்ணப் பாத்துக் கேட்டா. “மூடினா நாளைக்கு வந்துடும்டி. வந்தா இடிச்சிடுவானுங்க.”

தேன்மொழி இடுப்பப் புடிச்சிக்கினு மெதுவா நடந்து வந்தா. “வரட்டும்மா”ன்னா. “நாளைக்குன்னா அது அவனுங்களுக்கு மட்டுந்தானா? எனக்கும் நாளைக்குன்னு ஒண்ணு இருக்குதும்மா. என் நாளைக்கு இந்த வயித்துக்குள்ள கெடந்து முட்டுது. அவனுங்களுக்குப் பயந்துக்கினு இத நான் எவ்ளோ நேரம் அடைச்சி வெக்கிறது?”

ஆரோக்கியமேரிதான் குடத்தக் கீழ வெச்சிட்டு, “அது சொல்றதுதான் சரி, விடுங்கடி”ன்னு சாக்க மொதல்ல விட்டவ. நாங்களும் விட்டோம். தேன்மொழி ஐஸ் பெட்டி மேலேர்ந்து அந்தக் கேமராவத் தூக்கி, பொடவைய வெலக்கி, சில்லுன்னு இருந்த அத தன் வயித்து மேல வெச்சிக் கட்டிப் புடிச்சிக்கினா. உடம்பு ஒரு தடவ சிலுத்துச்சு. வெளியில எரிஞ்ச அத்தினி லைட்டுக்கும் உருகாத எண்ணெய், நெறமாச வயித்துச் சூட்டுக்கு உருகிடுச்சு.

டக்.

அந்தப் படத்தப் பின்னால கழுவி எடுத்தோம். கேமரா கண்ணு ரொம்ப நேரம் தொறந்திருந்தா நின்னது மட்டுந்தான் விழுமாம், வந்து போறவங்க விழ மாட்டாங்களாம். கதவு கதவா, படி படியா, எங்க தெரு முழுசா அதுல இருக்குது. கம்பத்தாண்ட நாற்காலி போட்டவரு, போலீஸு, மெஷினு, எதுவும் விழல. அது கெடக்கட்டும்.

சூரியன் டாங்குக்குப் பின்னால தொபுக்குன்னு விழுந்துச்சு, இருட்டு வந்தது தெரியல போனது தெரியல, கெழக்க வெளுத்துடுச்சு. வீட்டு வீட்டுக்கு மாவு பொங்கி பாத்திரத்த விட்டு வழிஞ்சுது, தெரு பூரா மல்லி வாசனை, கோழிங்க எல்லாம் ஒரே நேரத்துல கொக்கரிச்சுதுங்க, தேன்மொழி வாசப்படியில ஒக்காந்து அம்மான்னு ஒரு சத்தம் போட்டா. ஆம்புலன்ஸுக்கு ஆளு ஓடறதுக்குள்ள தலை தெரிஞ்சுடுச்சு. அவ்ளோ நேரம் காத்திருந்த புள்ளையாச்சே, இனிமே எவன் சொன்னா கேக்கும்? பரிதா தொப்புள்கொடிய நூலு போட்டு முடிஞ்சா, ஆரோக்கியமேரி வெந்நீரு வெச்சா, நான் புடிச்சேன். பொம்பளப் புள்ள. கத்தின கத்துல கால்வாய்க்கு அந்தாண்ட நாய் கொரைச்சுது.

அப்பதான் மெஷினு தெருவுக்குள்ள வந்துச்சு. மரகதம் வீட்டு வாசலுக்கு வந்ததும் டிரைவரு உள்ளேர்ந்து வந்த அழுகையக் கேட்டுட்டு, புள்ள பொறந்ததுக்கு நெலையில நான் செருகியிருந்த வேப்பிலையப் பாத்துட்டு, இன்ஜின அணைச்சிட்டாரு.

“ஏன்யா நிறுத்துன?”ன்னாரு சார்.

“புள்ள பொறந்த வீடு சார். தீட்டு. பச்ச ஒடம்புக்காரி உள்ள கெடக்கும்போது நான் கை வெச்சா என் குடும்பம் வெளங்குமா? எனக்கும் புள்ளகுட்டி இருக்குது சார், நான் மாட்டேன்.” கூட வந்த கடப்பாரை ஆளுங்களும் ஆமாம் சார்னு பின்னால தள்ளி நின்னுக்கினாங்க.

சார் நெத்தியத் தேச்சாரு. வேற டிரைவருக்குப் போன் போட்டாரு, அவனும் விஷயத்தக் கேட்டுட்டு வெச்சிட்டான். “சரி, அந்த ஒரு வீட்ட விட்டுடு. தீட்டு கழிஞ்சப்புறம் பாத்துக்கலாம். மத்தத இடி”ன்னாரு.

நான் மொதல்ல என் கதவத்தான் திரும்பிப் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மரகதம் வீடு தப்பிச்சுடுச்சு, அவ பேசாம கதவச் சாத்திக்கினு பொண்ணப் பாத்தாலும் யாரும் அவள ஒண்ணும் கேட்டிருக்க முடியாது.

அவ வெளிய வந்தா. கையில ரத்தம் கூட கழுவல.

“தீட்டு என் வீட்டோட நிக்காது சார். பங்காளி வீட்டுக்கெல்லாம் உண்டு. உங்க ஊட்டுலயும் அப்படித்தானே?”

“சரி, உன் பங்காளி எவன்? காட்டு”ன்னாரு சார்.

மரகதம் தெருவப் பாத்தா. அவளுக்கு அண்ணன் தம்பின்னு எவனும் இல்ல, அது எங்களுக்குத் தெரியும். திண்டிவனத்துலேர்ந்து தனியா வந்தவ. அப்ப ஆரோக்கியமேரி கால்வாய் ஓரத்து வேப்ப மரத்தாண்ட போயி, ஒரு கொப்ப மடக்குன்னு ஒடிச்சி, தன் வீட்டு நெலையில செருகினா.

“நான்தான் பங்காளி. எனக்கும் தீட்டு.”

“ஏம்மா, வாசல்ல சிலுவை தொங்குது, உனக்கு என்னம்மா தீட்டு?”

“தொங்கினா? நாலு மாசமா இவ கதவுக்குத் தண்ணி தூக்கினவ நான், பங்காளி இல்லன்னு நீ யாருய்யா சொல்றதுக்கு?” நாலு மாசம்னு அவளா ஒரு கணக்கு சொன்னா, யாரும் மறுக்கல.

பரிதா ஒரு கொப்ப ஒடிச்சா, “நூலு போட்டவ நானு, எனக்கில்லாத தீட்டா?”ன்னு செருகினா. அப்புறம் நெல்லூர்க்காரங்க ஒடிச்சாங்க, ராமநாதபுரத்துக்காரங்க ஒடிச்சாங்க, கப்பல்ல வந்தவங்க ஒடிச்சாங்க, ஒருத்தன் வீட்டுத் தண்ணிய ஒருத்தன் குடிக்காம இருந்தவங்க எல்லாம் நான் பங்காளி, நான் பங்காளின்னு கொப்புக்கு முண்டி அடிச்சதுல அந்த வேப்ப மரமே மொட்டை ஆயிடுச்சு. நானும் செருகினேன். செருகும்போது எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. தீட்டு தீட்டுன்னு சொல்லி எத்தினி கோயிலு வாசல்ல, எத்தினி பெரிய வீட்டுக் கொல்லையில எங்கள நிறுத்தி வெச்சிருப்பானுங்க. அதே தீட்டத் தூக்கி அன்னிக்கு எங்க வாசல்ல நாங்க நிறுத்தினோம், தாண்டிப் பாருங்கடான்னு.

டிரைவரு கீழ எறங்கி, மெஷின் சாவிய சார் கையில குடுத்துட்டு, ஆரோக்கியமேரிகிட்ட ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. அவளும் முனகாம குடுத்தா. சார் அந்த முனை வரைக்கும் ஒரு பார்வை பாத்தாரு, ஒரு வீடு பாக்கி இல்ல, எல்லா நெலையிலயும் பச்சை. கஞ்சி போட்ட சட்டையெல்லாம் நனைஞ்சி, கொரலு எறங்கிப்போயி மரகதத்தக் கேட்டாரு, “இது எப்பம்மா கழியும்?”

உள்ள புள்ள மறுபடியும் வீறிட்டுச்சு. மரகதம் அந்தப் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு சொன்னா.

“அது பேசக் கத்துக்கட்டும் சார். அதுவே வந்து உங்ககிட்ட சொல்லும்.”